லாட்ஜ்காரரின் மச்சினன் பார்த்த குருவி

லாட்ஜ்காரருக்கு அவருடைய மச்சினன் அறுபதாயிரம் தர வேண்டியிருந்தது. வாங்கியது கல்யாணச் செலவுக்கு அல்ல, ஆஸ்பத்திரிச் செலவுக்கு அல்ல, கூரை ஒழுகியதற்கும் அல்ல. கேமராவின் மூக்கில் மாட்டுகிற ஒரு குழாய்க்கு. லென்ஸ் என்பார்கள். அதை மாட்டினால் தூரத்துக் குருவி பக்கத்தில் தெரியுமாம். பக்கத்தில் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று லாட்ஜ்காரர் அன்றைக்கே கேட்டார். இன்றுவரை அதற்கு ஒழுங்கான பதில் கிடையாது.

கொடுத்திருக்கவே மாட்டார். மனைவியால் கொடுத்தார். அந்த அம்மாள் சண்டை போடுகிறவள் அல்ல. பேசாமல் இருந்துவிடுவாள். சாப்பாட்டுத் தட்டை மேஜையில் வைக்கிற சத்தம் மட்டும் நாளுக்கு நாள் பெரிதாகும். தட்டு நெளிகிற நிலைமை வந்ததும் லாட்ஜ்காரர் பீரோவைத் திறந்தார்.

லாட்ஜ்காரர் யார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். படிப்பு என்று பார்த்தால் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. தாண்டியவர்கள் பலபேர் அவருடைய லாட்ஜில் பாத்ரூம் கழுவியிருக்கிறார்கள், கணக்கு எழுதியிருக்கிறார்கள், சம்பளம் முன்பணமாகக் கேட்டு நின்றிருக்கிறார்கள். பதினான்கு வயதில் பஸ் நிலையத்தில் பெட்டி தூக்க ஆரம்பித்தவர். பெட்டிக்காரர்களைக் கொண்டுபோய் விட்ட அதே லாட்ஜை, இருபது வருஷம் கழித்து, அதன் முதலாளி குடித்தே அழித்த பிறகு, ஜப்தியாகி ஏலத்துக்கு வந்தபோது வாங்கினார். கடற்கரைக் காட்டை ஒட்டிய இரண்டு மாடிக் கட்டடம். உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும். வருஷத்துக்கு ஒருமுறை சுரண்டிப் பெயின்ட் அடிப்பார். யாரும் உதவவில்லை. எவனுக்கும் நன்றி சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. இதை அவர் தினமும் யாரிடமாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. கவுன்ட்டரில் ஒரு ஸ்டீல் தட்டு இருக்கும். வாடகையோ முன்பணமோ அதில்தான் வைக்க வேண்டும். கையில் வாங்க மாட்டார். புதிதாக வந்தவன் தெரியாமல் நோட்டை நீட்டினால் அவர் பேசாமல் தட்டைப் பார்ப்பார். அவனும் தட்டைப் பார்ப்பான். வைத்துவிடுவான். பெட்டி தூக்கிய காலத்தில் சில்லறையை உள்ளங்கையில் போடுவார்கள். சிலர் போடக்கூட மாட்டார்கள், ஒரு சாண் உயரத்திலிருந்து விடுவார்கள், விரல் பட்டால் அழுக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது போல. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்த நாளோடு அது முடிந்தது. "எவன் முன்னாலயும் இந்தக் கை மல்லாந்தது கிடையாது" என்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பாவிடமே சொல்லியிருக்கிறார்.

மச்சினன் அப்படியே நேர்மாறு. மனைவிக்குத் தம்பி, ஒரே தம்பி. குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தா. நாற்பது தாண்டியும் கல்யாணம் கிடையாது, சொந்த வீடு கிடையாது, சட்டைப் பையில் பேனா கூடக் கிடையாது, பென்சில்தான். மழையில் நனைந்தாலும் எழுதுமாம். நடக்கும்போது தரையைப் பார்ப்பதில்லை. மரத்தைப் பார்ப்பான், கம்பியைப் பார்ப்பான், சாக்கடையில் கால் வைப்பான். லாட்ஜ்காரர் அவனுக்கு ஆகாசம் என்று பெயர் வைத்தார். அக்காவைத் தவிர எல்லோரும் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவனும் திரும்பிப் பார்க்கிறான். ரோஷம் இருந்தால்தானே.

ஊர் ஊராகக் குருவி பார்க்கிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். எந்தக் காட்டில் எந்தக் குருவியை யார் பார்த்தார்கள் என்று வருஷா வருஷம் அச்சுப் போடுவார்கள். காசு கிடையாது, மாலை கிடையாது. பெயர் வரும், அவ்வளவுதான். அந்தப் பெயருக்காக வேலைவெட்டியை விட்டுவிட்டு அடித்துக்கொள்வார்கள். முந்தின வருஷம் ஆகாசம் அதில் ஒரு அதிசயக் குருவியைப் பார்த்ததாக எழுதிக் கொடுத்தான். நெற்றி முழுக்க மஞ்சள் என்று எழுதினான். படமும் கொடுத்தான். சங்கத்தார் பெரிதாக்கிப் பார்த்தார்கள். சாதாரணத் தேன்குருவி. பூவுக்குள் தலையை விட்டுத் தேன் குடித்ததில் நெற்றியில் மகரந்தம், அதாவது பூந்தூள், ஒட்டியிருக்கிறது. அதோடு போனது அவன் மானம். கூட்டத்துக்குப் போனால் "வாங்க பூந்தூள், இன்னைக்கு என்ன கலர்?" என்று கேட்பார்களாம். இதை அவனே அக்காவிடம் சொல்லி அழுததை லாட்ஜ்காரர் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டார். குருவிக்குப் பவுடர் பூசியிருந்தது தெரியாதவனுக்கு அறுபதாயிரத்துக்கு லென்ஸ் எதற்கு என்றுதான் அவருக்குத் தோன்றியது.

காற்று திரும்புகிற மாதத்தில் ஆகாசம் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்து இறங்கினான். வடக்கேயிருந்து கடல் தாண்டிப் போகிற பறவைகள் அந்த மாதத்தில்தான் இந்தக் காட்டில் இறங்கி இளைப்பாறுமாம். தோளில் கேமராப் பை, கழுத்தில் பைனாகுலர், காலில் செருப்பு ஒன்றுக்கு ஒன்று சேரவில்லை.

"வராண்டாவுல ஒரு பாய் போட்டாப் போதும் அத்தான்" என்றான்.

கவுன்ட்டரில் இரண்டு மூன்று பேர் சாவிக்காக நின்றார்கள். அவர்கள் முன்னால் இப்படிச் சொன்னால் லாட்ஜ்காரருக்கு எப்படி இருக்கும்?

"என் மச்சினன் வராண்டாவுல படுத்தான்னு ஊர் பேசணுமா? ஏழாம் நம்பர்ல படு. ஏசி ரூம்."

"எனக்கு ஏசி ஒத்துக்காது அத்தான்."

"ஒத்துக்கும். இந்த லாட்ஜ்லயே அது ஒண்ணுதான் ஏசி. பெரிய பெரிய ஆளுங்க படுத்த கட்டில். படு."

படுத்தான். கேமராவும் அவன் பக்கத்திலேயே படுத்தது, ஜில்லென்று.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் அவன் காட்டுக்குள் போனதும், காபி இறங்குவதற்குள் ஓடி வந்ததும் லாட்ஜ்காரருக்கு நன்றாக நினைவிருக்கிறது. படிக்கட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். அதையெல்லாம் அவரே செய்வார், ஆள் வைத்தால் தண்ணீரை வீணாக்குவான். ஆகாசம் முழங்கால் வரை சேறோடு, கழுவின படிக்கட்டில் ஏறி வந்தான். முகம் ஒரு மாதிரி இருந்தது. சிரிக்கிறானா அழுகிறானா என்று சொல்ல முடியவில்லை.

"பார்த்துட்டேன் அத்தான்."

"எதை?"

அவன் ஒரு பெயரைச் சொன்னான். பெயர் அரை முழம். குருவி கட்டைவிரல் நீளம் கூட இல்லையாம். கண்ணுக்கு மேலே புருவம் மாதிரி ஒரு மஞ்சள் கோடு. வடக்கே மலையில் இருக்கிற ஜாதியாம். இந்தக் கரையில் இதுவரைக்கும் ஒருத்தரும் பார்த்தது கிடையாதாம். ஓடைக்கரையில் முள்ளுக்கு மேல் உட்கார்ந்து வாய் திறந்து பாடியதாம். கை நீட்டினால் எட்டுகிற தூரமாம்.

"படம் பிடிச்சியா?"

அவன் கேமராவை நீட்டினான். லாட்ஜ்காரர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பார்த்தார். வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. அதற்கடுத்ததில் பாலில் முக்கி எடுத்த மாதிரி ஏதோ ஒரு குச்சி.

"எங்கடா குருவி?"

"கண்ணாடி வேர்த்துடுச்சு அத்தான். ராத்திரி பூரா ஏசியில ஜில்லுனு இருந்துச்சா, வெளிய கடல் காத்துல எடுத்ததும் ஆவி படிஞ்சுடுச்சு. துடைக்கத் துடைக்கப் படியுது. துடைச்சு முடிக்கிறதுக்குள்ள பறந்துபோச்சு."

"அறுபதாயிரம் குடுத்து வாங்கின சாமான் வேர்க்குமா?"

"எவ்வளவு குடுத்து வாங்கினாலும் வேர்க்கும். அதான் வராண்டாவுல படுக்கிறேன்னு சொன்னேன்."

இந்த இடத்தில் லாட்ஜ்காரர் மேல் ஒரு குற்றமும் கிடையாது. ஏசி அறை கொடுப்பது மரியாதை. தெரிந்தவன் கேமராவை ராத்திரியே ஜன்னலுக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டிருக்க வேண்டும். வாய் திறந்து காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும். இவன் என்றைக்குக் காரணம் சொன்னான்?

"ஆகமொத்தம் பார்த்தேன்னு நீ சொல்ற. நம்புன்னு சொல்ற. போன வருஷமும் அதான் சொன்ன."

ஆகாசத்தின் முகம் சுருங்கிப்போனது. மாடியிலிருந்து இறங்கி வந்த கணக்கு வாத்தியார் ஒருவர் அங்கேயே நின்றுவிட்டார். அவரும் குருவி பார்க்கிற ஜாதிதான், மூன்றாம் நம்பரில் தங்கியிருந்தார். காபித் தம்ளரோடு அக்காவும் வாசலுக்கு வந்தாள். ஆள் சேர்ந்தால் லாட்ஜ்காரருக்குக் குரல் ஏறும்.

"கேட்டுக்கோ மாப்ளே. இந்தக் குருவியை உன் சங்கம் ஒத்துக்கிட்டு உன் பேரை அச்சுல போட்டா, அறுபதாயிரத்தை நான் மறந்துடறேன். ஒத்துக்கலைன்னா அந்தக் குழாயை வித்து, என் உள்ளங்கையில நோட்டு நோட்டா எண்ணி வைக்கணும். அப்புறம் ஒழுங்கா ஒரு பொண்ணைப் பார்த்துக் கட்டிக்கிட்டு, தரையைப் பார்த்து நடக்கணும். என்ன சொல்ற?"

"வேணாம்டா தம்பி" என்றாள் அக்கா.

"சரி அத்தான்" என்றான் அவன். உடனே சொன்னான். பணம் அவன் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. அச்சில் பெயர் என்றது மட்டும்தான் விழுந்திருக்கிறது.

அன்று மத்தியானத்துக்குள் செய்தி எப்படியோ பரவிவிட்டது. இந்தக் குருவிக்காரர்களுக்கு ரகசியம் தங்காது. சாயந்திரம் லாட்ஜ் நிறைந்தது. நிறைந்து என்ன பிரயோஜனம்! அப்படிப்பட்ட கஞ்சர்களை லாட்ஜ்காரர் தன் வாழ்நாளில் கண்டதில்லை. ஒருத்தன் கழுத்தில் தொங்குவதை விற்றால் லாட்ஜுக்கு ஒரு மாடி எடுக்கலாம்; அவன் வாடகையில் பேரம் பேசுகிறான். ஒரு அறையில் நாலு பேர் படுக்கிறார்கள். சேற்றுக் காலைத் துண்டில் துடைக்கிறார்கள். சேவல் எழுந்திருக்கும் முன்னால் டீ கேட்கிறார்கள். மொட்டைமாடியில் காயப்போட்ட தலையணை உறைகளுக்கு நடுவில் பைனாகுலரை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், துணி துவைக்கிற அம்மாள் கூச்சப்பட்டு இறங்கி வந்துவிட்டாள். கேட்டால் ஒருத்தன் டாக்டராம், ஒருத்தன் வக்கீலாம். இவ்வளவு படித்துவிட்டு, ஒரு கட்டைவிரலைத் தேடிக் கொசுக்கடியில் கிடப்பதற்கு, படிக்காமலே இருந்திருக்கலாம்.

யார் கண்ணிலும் குருவி படவில்லை. ஆனால் மூன்றாம் நாள் காலை ஆகாசம் அதன் பாட்டைப் பிடித்துவிட்டான். ஓடைக்கு இந்தப் பக்கம் புதரில் பதுங்கியிருந்தானாம், அந்தப் பக்கத்துப் புதருக்குள்ளிருந்து கேட்டதாம். போனிலேயே பதிவு செய்துகொண்டு வந்தான். கவுன்ட்டருக்கு எதிரே உட்கார்ந்து திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். லாட்ஜ்காரர் அந்தப் பாட்டைத் தூக்கத்திலும் சொல்லுவார் என்கிற அளவுக்குப் போட்டான். முதலில் 'டொக்' என்று ஒரு சத்தம். அப்புறம் சாவிக்கொத்தை மெதுவாக ஆட்டுகிற மாதிரி ஒரு குலுக்கல். கடைசியில் ஒரு இழுப்பு.

"அந்த டொக்கு என்ன? குருவிக்குத் தொண்டையில ஏதாச்சும் சிக்கிக்கிச்சா?"

"சுள்ளி ஒடியிற சத்தம் அத்தான்" என்றான் ஆகாசம், காதை எடுக்காமலே.

சங்கத்துக்கு அனுப்பினான். பார்த்ததைப் பற்றி இரண்டு பக்கம் பென்சிலால் எழுதிப் படம்பிடித்து அனுப்பினான். கூட்டம் கலைந்தது. கணக்கு வாத்தியாரும் போனார். இரண்டு வாரம் கழித்துச் சங்கத்துத் தலைவரே போன் செய்தார். பாட்டு அசல் என்று ஒத்துக்கொண்டாகிவிட்டது. பாட்டு இருப்பதால் பார்த்ததும் செல்லும். இந்தக் கரையில் முதல் பதிவு, பெயர் அச்சுக்குப் போகிறது. ஆகாசம் அன்றைக்கு அலுவலகத்துக்குப் போகாமல் நேரே லாட்ஜுக்கு வந்தான். அக்கா அவன் தலையைத் தடவினாள். காபியில் சர்க்கரையை அள்ளிக் கொட்டினாள். லாட்ஜ்காரருக்கும் அதே கை, அதே சர்க்கரை, அவருக்குக் கசந்தது. அறுபதாயிரம்! எத்தனை தலையணை உறை, எத்தனை வாளி, எத்தனை பெயின்ட் டப்பா.

"பந்தயம் போட்டா இப்படித்தான்" என்று சிரித்தாள் மனைவி. தட்டு அன்றைக்குச் சத்தமே போடவில்லை.

"எனக்கென்ன, பிச்சை போட்டதா நினைச்சுக்கறேன்" என்றார் லாட்ஜ்காரர். அதற்கும் ஆகாசம் சிரித்தான்.

அதற்கடுத்த வாரம் மூன்றாம் நம்பர் அறையில் மெத்தையைத் திருப்பிப் போடும்போது, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சின்னக் கறுப்பு ஸ்பீக்கர் கிடைத்தது. சோப்புப் பெட்டி அளவு. ஒற்றைப் பொத்தான். விட்டுப்போன சாமானை லாட்ஜ்காரர் ஒருநாளும் அமுக்கிக்கொள்கிறவர் அல்ல. கவுன்ட்டரில் எடுத்துவைத்தார். வேலை செய்கிறதா என்று பார்க்கப் பொத்தானை அழுத்தினார்.

டொக்.

அப்புறம் சாவிக்கொத்து. அப்புறம் இழுப்பு.

லாட்ஜ்காரர் இன்னொரு தடவை அழுத்தினார். டொக். சாவிக்கொத்து. இழுப்பு. மயிரிழை பிசகவில்லை. அவர் கணக்கு வாத்தியாருக்குப் போன் போட்டார்.

"அடடே, அங்கதான் கிடக்கா? தொலைஞ்சதுன்னு நினைச்சேங்க" என்றார் வாத்தியார். "அதுல குருவிப் பாட்டுங்க. வடக்க யாரோ பிடிச்சது. காட்டுல போட்டு விட்டா, இன்னொண்ணு வந்துடுச்சோன்னு நினைச்சு நம்ம குருவி வெளிய வரும். சங்கத்துல இது கூடாதும்பாங்க, பாவம் குருவிக்கு மன உளைச்சலாம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"ஓடைக்கரையில போட்டீங்களா?"

"மூணாம் நாள் காலையில போட்டேங்க. எதிர்க்கரையில யாரோ பதுங்கியிருக்கிற மாதிரி தெரிஞ்சுது. மாட்டிக்குவோமேன்னு பொத்தானை அமுக்கிட்டு நைசா வந்துட்டேன். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்றார் லாட்ஜ்காரர்.

போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். ஒரு புதரில் ஒரு பைத்தியம் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுகிறது. எதிர்ப்புதரில் இன்னொரு பைத்தியம் அதைப் பதிவு செய்கிறது. ஊரில் இருக்கிற மூன்றாவது பைத்தியக் கூட்டம் அதை அசல் என்று அச்சடிக்கிறது. டாக்டர்களும் வக்கீல்களும்! இதைப்போல ஒன்று இவர்களால்தான் முடியும். பெட்டி தூக்குகிறவன் அடுத்தவன் பெட்டியை மாற்றித் தூக்குவானா?

பந்தயப்படி அவருக்கு அறுபதாயிரம் திரும்பி வந்த மாதிரிதான். ஆனால் அதைவிட ருசியான ஒன்று வரப்போகிறது என்று அவர் கணக்குப் போட்டார். ஆகாசம் கெஞ்சுவான். "அத்தான், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று காலைப் பிடிப்பான். இத்தனை வருஷம் ஆகாசத்தைப் பார்த்த கண், அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கும். கொஞ்ச நேரம் கெஞ்சவிட்டு, அப்புறம் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிடலாம். பணத்தை மாதத் தவணையாக வாங்கிக்கொள்ளலாம். லென்ஸை விற்கச் சொல்வதா வேண்டாமா என்பதை அவன் கெஞ்சுகிற தினுசைப் பார்த்து முடிவு செய்யலாம்.

ஞாயிற்றுக்கிழமை அவனை வரச்சொன்னார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். இரண்டு டீ சொல்லி வைத்தார். மனைவியை உள்ளே இருக்கச் சொன்னார். அவள் கதவுக்குப் பின்னால்தான் நின்றாள் என்பது அவருக்குத் தெரியும்.

"உக்காரு மாப்ளே. ஒரு பாட்டுக் கேக்கறியா?"

பொத்தானை அழுத்தினார்.

ஆகாசம் முதல் டொக்கிலேயே நிமிர்ந்துவிட்டான். முழுக்கக் கேட்டான். "இன்னொரு தடவை போடுங்க அத்தான்" என்றான். போட்டார். தன் போனை எடுத்துத் தன் பதிவைப் போட்டுக் கேட்டான். மறுபடி ஸ்பீக்கர். டீ ஆடை கட்டியது.

"இது யாரோடது?"

லாட்ஜ்காரர் ஆற அமரச் சொன்னார். கணக்கு வாத்தியார் மாதிரியே குரல் மாற்றிச் சொன்னார். புதர், எதிர்ப்புதர், நைசாக வந்தது, எல்லாம். சொல்லி முடித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்துகொண்டு, கெஞ்சலுக்காகக் காத்திருந்தார்.

ஆகாசம் கெஞ்சவில்லை. போனில் எண்ணைத் தட்டினான். அவனுக்கு எப்போதும் ஸ்பீக்கரில் பேசுகிற கெட்ட பழக்கம்.

"ஐயா, நான்தான். பூந்தூள்" என்றான்.

"சொல்லுங்க சொல்லுங்க. இனிமே அப்படியெல்லாம் சொல்லக்கூடாது. அச்சுக்குப் போயாச்சே!" என்றார் சங்கத்துத் தலைவர்.

"நிறுத்திடுங்க ஐயா. அந்தப் பாட்டு குருவியோடது இல்ல. ஒருத்தர் ஸ்பீக்கர்ல போட்டதை நான் பதிவு பண்ணிட்டேன். தெரியாமத்தான் பண்ணேன். இப்பதான் தெரிஞ்சுது."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு தலைவர் தொண்டையைக் கனைத்தார். "இது யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு, எங்க அத்தானுக்கு. இப்ப உங்களுக்கு."

"அப்படின்னா... விடுங்களேன். நாங்க அஞ்சு பேர் உக்காந்து கேட்டு அசல்னு கையெழுத்துப் போட்டிருக்கோம். இப்ப இல்லைன்னா எங்களுக்கும் அசிங்கம்தானே? நீங்கதான் குருவியைப் பார்த்திருக்கீங்களே!"

"பார்த்தேன் ஐயா. ஆனா நான் பார்த்தது வேற, உங்ககிட்ட குடுத்தது வேற."

"பாட்டை எடுத்துட்டா பார்த்ததுக்குச் சாட்சி கிடையாது. அதையும் சேர்த்துதான் எடுக்கணும். மறுபடியும் பழைய கதை ஆயிடும். யோசிச்சுச் சொல்லுங்க."

"எடுத்துடுங்க ஐயா" என்றான் ஆகாசம். வைத்துவிட்டான்.

லாட்ஜ்காரருக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ, மேஜையை ஓங்கித் தட்டினார். ஸ்பீக்கர் எகிறி விழுந்து தானாகவே ஒருமுறை பாடியது.

"அறிவு கெட்டவனே! யார்றா உன்னை அவன்கிட்டச் சொல்லச் சொன்னது?"

"நீங்கதானே அத்தான் காட்டினீங்க."

"உனக்குக் காட்டினேன்டா. ஊருக்கா காட்டினேன்? அவனே விடுங்கிறான். அஞ்சு பேர் கையெழுத்துப் போட்டிருக்கான். அச்சடிச்ச பேர் அச்சடிச்சபடி இருந்திருக்கும். என்கிட்ட ஒரு வார்த்தை... ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"என்ன கேக்கணும்?"

என்ன கேட்கணுமாம்! சலவைச் சட்டை போட்டு, டீ சொல்லி, ஒரு மனுஷன் மன்னிப்பதற்குத் தயாராக உட்கார்ந்திருக்கிறான். என்ன கேட்கணும் என்று கேட்கிறான். மேலே பார்த்து நடக்கிறவனுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவன் எங்கே தெரியப்போகிறான்? பிழைக்கத் தெரியாதவன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். அது தப்பு. பிழைப்பையே தூக்கி மடியில் போட்டாலும் உதறிவிட்டு எழுந்து போகிறவன். இப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு அந்தக் குடிநீர் அலுவலகம் எப்படித் தண்ணீர் விடுகிறதோ தெரியவில்லை.

ஆகாசம் ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தான். "அந்த ஸ்பீக்கரை வாத்தியார்கிட்டக் குடுத்துடுங்க. அவர் பேரை நான் சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க" என்றான். கெஞ்சல் என்று ஒன்று வந்தது என்றால் இதுதான். அதுவும் அடுத்தவனுக்காக.

அடுத்த மாதம் சங்கத்தின் புத்தகம் வந்தது. ஒரு மூலையில் கூட அவன் பெயர் இல்லை. கூட்டத்தில் இப்போது அவனைப் பூந்தூள் என்று கூப்பிடுவதில்லையாம், ஸ்பீக்கர் என்கிறார்களாம். இதை அவனே அக்காவிடம் சொல்லிச் சிரித்தான். இந்தத் தடவை கதவுக்கு இந்தப் பக்கம் அழுகைச் சத்தம் வரவில்லை. அந்தக் குருவி எப்படித் தலையைச் சாய்த்தது, எப்படித் தொண்டை துடித்தது என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அக்கா உம் கொட்டிக்கொண்டே இருந்தாள். தலையெழுத்து.

லென்ஸை விற்றுவிட்டு ஒரு நாள் காலையில் வந்தான். லாட்ஜ்காரர் கவுன்ட்டரில் இருந்தார். அறையைக் காலி செய்கிற ஒரு குடும்பம் பெட்டிகளோடு நின்றுகொண்டிருந்தது. கணக்கு வாத்தியாரும் தன் ஸ்பீக்கரை வாங்கிப் போக வந்து, பேப்பர் படிக்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

ஆகாசம் பையிலிருந்து நோட்டுக் கட்டை எடுத்தான்.

"தட்டுல வை" என்றார் லாட்ஜ்காரர், நிமிராமல்.

"தட்டுல இல்ல அத்தான். உள்ளங்கையில எண்ணி வைக்கணும்னு சொன்னீங்க."

"பேச்சுக்குச் சொன்னதுடா. வை."

"பந்தயம் போட்டோம்ல. நான் தோத்தேன். சொன்னபடி குடுத்துட்டுப் போயிடறேன். கையை நீட்டுங்க."

லாட்ஜ்காரர் நிமிர்ந்து பார்த்தார். கிண்டல் செய்கிறானா என்று அவன் முகத்தில் தேடினார். கிண்டல் இருந்திருந்தால் அறைந்திருக்கலாம். அந்த முட்டாளுக்குக் கிண்டல் செய்யவும் தெரியாது. சொன்னதைச் சொன்னபடி செய்ய வேண்டும் என்று நினைக்கிறான், அவ்வளவுதான். கவுன்ட்டரும் தெரியாது, தட்டும் தெரியாது, இந்தக் கை மல்லாந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்பதும் தெரியாது.

"பணம் வேணாம். எடுத்துட்டுப் போ. போய் அந்தக் குழாயைத் திரும்ப வாங்கிக்கோ" என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"அது எப்படி அத்தான் முடியும்?" என்றான் அவன்.

பெட்டிக் குடும்பம் வேடிக்கை பார்த்தது. வாத்தியாரின் பேப்பர் கொஞ்சம் இறங்கியது. உள்வாசலில் மனைவி வந்து நின்றாள், கையில் கழுவின தட்டு.

"பேசினது நீங்கதானே. நீட்டுங்க" என்றாள்.

லாட்ஜ்காரர் இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார். வலது கை மட்டும் மெதுவாக மேலே வந்தது. முதலில் மூடியே இருந்தது. அப்புறம் கவுன்ட்டரின் மேல், ஸ்டீல் தட்டுக்குப் பக்கத்தில், திறந்தது. பெட்டிக் கயிறு அறுத்த தடம் குறுக்கே இன்னும் இருந்தது. பல வருஷமாக அவரே அதைப் பார்க்கவில்லை.

ஆகாசம் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கீழே பார்த்தான். மேலே இருந்து விடவில்லை, தூக்கிப் போடவும் இல்லை. ஒவ்வொரு நோட்டையும் உள்ளங்கையில் படுக்க வைத்துக் கட்டைவிரலால் நீவி, அடுத்ததை எடுத்தான். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு எண்ணினான். நடுவில் ஒருமுறை எண்ணிக்கை தப்பியது. "மன்னிச்சுக்கோங்க அத்தான்" என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். மடையன். லாட்ஜ்காரர் கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார், அவன் கடைசி நோட்டை வைத்து நீவி முடிக்கிறவரைக்கும்.